இல்லறத்தில் சிரிப்பும் நன்றியும்

அகிலத்திரட்டு அம்மானை யார், யாருக்குச் சொன்னது என்று கேட்டால் நம் தாங்கலுக்கு வரும் சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும்: நாராயணர் அன்னை இலட்சுமிக்குச் சொன்னது. அதை அரிகோபாலன் சீடர் 1841-ஆம் ஆண்டு ஏட்டில் எழுதினார் என்பதும், ஓலையில் இருந்த ஏடு 1939-ஆம் ஆண்டு அச்சுக்கு வந்தது என்பதும் நமக்குத் தெரிந்தவை. தெரிந்தது என்பதாலேயே நின்று பார்க்காமல் நாம் கடந்துபோகும் ஒரு செய்தி இதற்குள் இருக்கிறது. குறோணியின் பிறப்பு, யுகங்களின் வரவு, கலியனின் கொடுமை, வைகுண்ட அவதாரம், வரப்போகும் தர்மயுகம் என இத்தனை பெரிய வரலாறும் ஒரு கணவர் தம் மனைவியிடம் பேசிய பேச்சாக அமைந்திருக்கிறது. அரசனுக்கு இட்ட ஆணையாக அது அமையவில்லை. சபையில் பண்டிதர்களுக்குச் செய்த உபதேசமாகவும் அமையவில்லை. அன்னை கேட்கிறாள், நாதர் சொல்லுகிறார். "உனக்கு எதற்கு இந்த யுகக் கணக்கெல்லாம், அடுக்களையில் போய் உலையைப் பார்" என்று அவர் சொல்லவில்லை.

அம்மானை என்ற பெயரையும் பாருங்கள். பெண்கள் கூடியிருந்து, காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாடும் விளையாட்டுக்கு அம்மானை என்று பெயர். ஒருத்தி ஒன்றைச் சொல்லுவாள். அடுத்தவள் மடக்கிக் கேள்வி கேட்பாள். மூன்றாமவள் இரண்டு பொருள்படப் பதில் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைப்பாள். நீண்ட கதைப்பாட்டுகளுக்கும் அந்தப் பெயர் வழங்கியது. நம் திருஏடு விளையாட்டுப் பாட்டு அல்ல. ஆனாலும் வீட்டுத் திண்ணையில் சிரித்து விளையாடிய பெண்களின் வாயில் புழங்கிய ஒரு பெயரைத்தான் அது தாங்கியிருக்கிறது. இதை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை. ஆகவே இந்தப் பாடத்தை வீட்டுக்குள் வைத்தே படிப்போம்.

நம் வீடுகளில் கணவனும் மனைவியும் ஒரு நாளில் என்ன பேசிக்கொள்கிறோம்? கேஸ் தீர்ந்தது, கரண்ட் பில் வந்தது, பிள்ளையின் வேனுக்குக் காசு கட்ட வேண்டும், மாமிக்கு மாத்திரை வாங்க வேண்டும். எல்லாம் தேவையான பேச்சுத்தான். ஆனால் இருபது வருடம் இதை மட்டுமே பேசினால் வீடு ரேஷன் கடை ஆகிவிடும். ஒருவர் கார்டை நீட்டுவார், ஒருவர் எடை போடுவார், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சண்டை நடக்கும் வீட்டைவிட இப்படிப்பட்ட வீடுதான் எனக்குப் பயம் தருகிறது. சண்டையில் பேச்சாவது இருக்கிறது.

அய்யாவழி வீட்டை விட்டு ஓடச் சொல்லும் வழி அல்ல. துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் அந்தத் தவசுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எழுநூறு குடும்பம் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். நாளுக்கு மூன்று வேளை கடலில் துணி துவைத்து, நீராடி, அரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்த ஒருவேளை உணவை உண்டு தவமிருந்தார்கள். தவம் என்றால் பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்க் கண்ணை மூடுவது என்று உலகம் எண்ணியிருந்த நாளில், கணவனும் மனைவியும் பிள்ளையும் சேர்ந்து கடற்கரையில் துணி துவைப்பதைத் தவமாக்கினார் அய்யா.

அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். நம் ஆண்களில் பலருக்குத் துவையல் என்றால் தேங்காயும் வற்றல் மிளகாயும் புளியும் வைத்து அம்மியில் அரைப்பது மட்டும்தான். தாங்கலில் உட்கார்ந்து துவையல் தவசின் பெருமையை அரை மணி நேரம் விளக்குவார்கள். உடுத்திருக்கும் வேட்டியையும் தலைப்பாகைத் துணியையும் துவைத்தது யார் என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு அம்மாள் இதைத் தன் வீட்டுக்காரரிடமே கேட்டாள்: "எத்தான், தவசு நீங்க சொல்லுதிய, துவையல் நான் செய்யுதேன். பலன் ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி வருமா, இல்ல எனக்கு மட்டும் வருமா?" அவரும் சிரித்துவிட்டார். மறுநாள் காலையில் தம் வேட்டியைத் தாமே கல்லில் போட்டுத் துவைத்தார். நீலம் கூடிப்போய் வேட்டி வானம்போல் ஆனது வேறு கதை. அந்த நீல வேட்டியைத்தான் அவர் இன்றும் தோட்ட வேலைக்கு உடுத்துகிறார். பார்ப்பவர்களிடம் "இது நான் செய்த தவசு" என்று தாமே சொல்லிக்கொள்கிறார்.

அந்த அம்மாளின் பேச்சில் குத்தல் இருந்தது, நஞ்சு இல்லை. பத்து வருடம் வாய்க்குள் வைத்துப் புழுங்கியிருக்க வேண்டிய ஒரு குறையை அவள் ஒரே வரியில் சிரிப்பாக்கிச் சொல்லிவிட்டாள். அவருக்கும் அது குறையாகத் தோன்றாமல் கேள்வியாகத் தோன்றியது. மேலும், அவள் அதை அடுக்களை வாசலில் நின்று சொன்னாள். நாலு பேர் கூடியிருந்த இடத்தில் சொல்லவில்லை. சிரிப்புக்கும் ஏளனத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஏளனம் என்றால் என்ன என்று நம் முன்னோர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தலையில் துணி கட்டக் கூடாது, பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது, தலைக்கு வரி, பனைக்கு வரி என்று அன்றைய திருவிதாங்கூரில் அவர்கள் பட்ட பாடு திருஏட்டிலும் இருக்கிறது, வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. மேலாடை அணியும் உரிமைக்காக நம் பாட்டிமார் பட்ட துயரம் 1820-களில் தொடங்கி, 1859-ஆம் ஆண்டு அரச ஆணை வரும்வரை நீண்டது. அய்யாவையே சுசீந்திரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இழுத்துச் சென்றபோது பரிகாசம் செய்தார்கள். அந்தப் பரிகாசத்தையெல்லாம் பொறுமையோடு தாங்கியவர், தம் மக்களைத் தலைப்பாகை கட்டி நின்று வணங்கச் செய்தார். அரசனுக்குரிய மதிப்பு உனக்கும் உண்டு, குனியாதே என்பது அதன் பொருள்.

இப்போது ஒரு வீட்டைப் பாருங்கள். உச்சிப்படிப்பு முடித்து வந்தவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடியில் போடுகிறார். விருந்தினர் இருக்கிறார்கள். மனைவி ஏதோ ஒரு கருத்துச் சொல்ல வாய் திறக்கிறாள். "இவளுக்கு என்ன தெரியும், ஆறாங்கிளாஸ்" என்று சொல்லி அவர் சிரிக்கிறார். வந்தவர்களும் மரியாதைக்காகச் சிரிக்கிறார்கள். அந்த அம்மாளும் சிரிக்கிறாள். அவளுடைய அந்தச் சிரிப்பை யாராவது கவனித்திருக்கிறீர்களா? அதிகாரி முன்னால், ஜமீன் முன்னால், வரி பிரிக்க வந்தவன் முன்னால் நம் தாத்தாமார் வேறு வழியில்லாமல் சிரித்த சிரிப்பு அதுதான். தலைப்பாகை கட்டி நிமிர்ந்த தலை ஒன்று, வீட்டுக்குள் வந்து இன்னொரு தலையைக் குனியவைத்துவிட்டது.

இது ஆண்களுக்கு மட்டும் சொல்வதல்ல. "பக்கத்து வீட்டு அண்ணன் துபாயிலிருந்து எவ்வளவு அனுப்பினார் தெரியுமா" என்று பிள்ளைகள் காதுபட எடுத்துப் பேசி, மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்த மனிதனைச் சின்னவனாக்கும் பெண்களும் நம்மிடையே உண்டு. அதுவும் அதே கலிதான், சீலை உடுத்தி வருகிறது.

எது நல்ல சிரிப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு மூத்த தம்பதியைச் சொல்லுகிறேன். அவர் தாங்கலில் பணிவிடை செய்பவர், மறதிக்காரர். ஒருமுறை தாங்கலில் கஞ்சி வைப்பதற்குச் சிறுபயறு வாங்கிவர வடசேரிச் சந்தைக்குப் போனார். பயறோடு காய்கறியும் தேங்காயும் மட்டிப்பழமும் வாங்கிப் பஸ் ஏறினார். வீட்டு நடையில் பையை இறக்கிவைத்தார். அந்த அம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "பயறு எங்க?" என்றாள். அவர் முகம் மாறியது. பயறு தனிப் பையில் இருந்தது. அந்தப் பை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. காசு போனது மட்டுமல்ல, மறுநாள் காலைப் பணிவிடைக்கு வைத்திருந்த பொருள் அது. திட்டுவதற்கு எல்லா நியாயமும் அவளிடம் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பஸ்ஸுக்கும் பசிக்கும்லா" என்றாள். பிறகு ஒரு படியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மைனியிடம் கடன் கேட்கப் போனாள். அன்று முதல் அந்த வழியில் வரும் பஸ்ஸுக்கு அவர்கள் வீட்டில் "பயறு பஸ்" என்று பெயர். பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்தான் தெரியும், ஒரு பேரன் கண்டக்டரிடமே "இது பயறு பஸ்ஸா?" என்று கேட்டிருக்கிறான்.

இதை எனக்குச் சொன்னது அந்த அம்மாள் அல்ல. அவர்தான் சொன்னார். தம் மறதியைத் தாமே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த அம்மாள் இன்றுவரை வெளியாரிடம் அதை வாய் திறந்ததில்லை. அவர் சொல்லும்போது பக்கத்தில் இருந்து, "அரைக் கிலோ இல்ல, ஒரு கிலோ" என்று கணக்கை மட்டும் திருத்துவாள். தன் பிழையைத் தான் சொல்லுவது, துணையின் பிழையைத் துணையே சொல்லும்வரை சொல்லாதிருப்பது: இந்த வரம்பை அவர்கள் எங்கே கற்றார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அந்த வரம்புக்குள் நின்றுகொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம் என்பதை அவர்கள் வீட்டில் பார்க்கிறேன். மேலும் ஒன்று: பயறு எப்படியும் போய்விட்டது. கோபப்பட்டிருந்தால் பயறோடு அன்றைய இரவுத் தூக்கமும் போயிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பயறு என்றதும் நித்தப்பால் நினைவுக்கு வருகிறது. சாமிதோப்பில் வரிசையில் நின்று கையை நீட்டி அதை வாங்குகிறோம். கொஞ்சம் விழுந்தாலும் சரி, நிறைய விழுந்தாலும் சரி, கண்ணில் ஒற்றிக்கொண்டு குடிக்கிறோம். குழைந்துவிட்டது, தண்ணீர் கூடிவிட்டது, நேற்று நன்றாக இருந்தது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதே நாவு வீட்டுக்கு வந்து இலைமுன் உட்கார்ந்ததும் நீதிபதி ஆகிவிடுகிறது. குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தால் தீர்ப்பு உடனே வந்துவிடும். முந்நூற்று அறுபது நாள் சரியாக இருந்த உப்புக்கு ஒரு தீர்ப்பும் இல்லை. அந்த நாட்களில் எல்லாம் உப்பு தானாக வந்து குழம்பில் விழுந்ததுபோல ஒரு மௌனம்.

பதியில் கிடைப்பது அய்யா தந்தது, வீட்டில் கிடைப்பது நம் உரிமை என்று பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினையை அய்யா செய்யவில்லை. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கி உயர்த்துவதே தர்மம் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நாம் அதைத் தெருவில் தேடுகிறோம். அன்னதானப் பந்தியில் தேடுகிறோம். அதுவும் வேண்டும். ஆனால் நம் வீட்டில் எல்லோருக்கும் கடைசியாகச் சாப்பிடுபவர் யார், எல்லோருக்கும் முன்னால் எழுபவர் யார், காய்ச்சல் வந்தாலும் விடுப்பு இல்லாதவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால், தாழக் கிடப்பவரைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிராது. சில வீடுகளில் அது மனைவி. சில வீடுகளில், இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து ஒரு மூலையில் பேச்சின்றி முடங்கும் கணவன். பல வீடுகளில் இருவரும்தான்.

இனி நன்றியைப் பற்றி. நன்றி என்ற சொல் நம் வீடுகளில் ஒட்டாது. அது மேடைச் சொல். விழாவில் நன்றியுரை என்று அறிவித்ததும் எல்லோரும் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். கணவன் திடீரென்று மனைவியைப் பார்த்து "மிக்க நன்றி" என்றால், அவள் அவர் நெற்றியில் கைவைத்துச் சுடுகிறதா என்று பார்ப்பாள். நம் மக்கள் நன்றியை வேறு மொழியில் சொல்லிப் பழகியவர்கள். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்பது ஒரு நன்றி. சட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு இரண்டாம் முறை மீன் குழம்பு கேட்பது ஒரு நன்றி. மழை இருட்டிக்கொண்டு வரும்போது, சொல்லாமலே கொடியில் கிடக்கும் துணியை எடுத்து உள்ளே போடுவது ஒரு நன்றி. வெயிலில் அலைந்து வந்தவர் கேட்குமுன் சுக்குக் காப்பியில் கருப்பட்டியை ஒரு துண்டு கூட்டிப் போடுவதும் அதுதான்.

ஆனால் செயலில் காட்டினால் போதும், வாயால் சொல்ல வேண்டாம் என்று சிலர் சொல்லுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. உகப்படிப்பை மனத்துக்குள் நினைத்துக்கொண்டால் போதும், வாய்விட்டுப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லுகிறோமா? நாள்தோறும் விடியலிலும் அந்தியிலும் அதே சொற்களை வாய்விட்டுத்தான் படிக்கிறோம். படிக்கப் படிக்கத்தான் நம் காதுக்கே அது ஏறுகிறது. வீட்டிலும் அப்படித்தான். பெரிய சொல் வேண்டாம். "இன்னைக்கு அவியல் நல்லா இருந்தது பிள்ள" என்று ஒன்றைக் குறிப்பாகச் சொன்னால் போதும். "எல்லாம் நல்லா இருக்கு" என்று மொத்தமாகச் சொல்லுவது, பார்க்காமல் கையெழுத்துப் போடுவதைப் போன்றது. வாங்குபவருக்கு அது தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சிரித்துக்கொள், பொறுத்துக்கொள் என்ற பாடத்தைக் கொண்டுபோய் அடி வாங்கும் பெண்ணிடம் யாரும் வாசிக்கக் கூடாது. குடித்துவிட்டு வந்து கை ஓங்கும் வீட்டில் நகைச்சுவைக்கு இடமில்லை. அய்யாவின் பொறுமையை எடுத்துக்காட்டி, "அய்யாவே பொறுத்தார், நீ பொறுக்கக் கூடாதா" என்று சொல்லுவது பெரிய பிழை. அய்யா தம்மேல் விழுந்த அடியைப் பொறுத்தார். தம் மக்கள்மேல் விழுந்த அடியை அவர் நியாயம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் கொடுமையை மாற்றத்தான் வந்தார். அப்படிப்பட்ட வீடு ஒன்று நம் தெருவில் இருந்தால், உறவினரும் தாங்கலில் மூத்தவர்களும் போய்க் கதவைத் தட்ட வேண்டும். தேவைப்பட்டால் சட்டத்தின் கதவையும் தட்ட வேண்டும். முதலில் அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு. சிரிப்பெல்லாம் பிறகு.

மற்ற வீடுகளுக்கு, அதாவது அன்பு இருந்தும் தூசி படிந்துபோன நம் போன்றவர்களின் வீடுகளுக்கு, கண்ணாடியை நினைவூட்டுகிறேன். பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடியும் விளக்கும் இருக்கின்றன. உனக்குள் இருக்கும் இறையைக் காண் என்று அது சொல்லுகிறது என விளக்கம் கேட்டிருக்கிறோம். சரியான விளக்கம். ஆனால் எந்தக் கண்ணாடியும் முதுகுப்பக்கத்தைக் காட்டாது. தலைப்பாகையை நாம் கண்ணாடி பார்த்து அழகாகக் கட்டிக்கொண்டு புறப்படுவோம். பின்னால் ஒரு முந்தி வால்போலத் தொங்கிக்கொண்டிருக்கும். "நில்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். ஒரு கை அதை எடுத்து உள்ளே செருகிவிடும். பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாம் படி இறங்கிவிடுவோம். அவளுக்கும் அப்படித்தான்: சீலையின் பின்கொசுவம் ஏறியிருப்பதை அவளுக்கு யார் சொல்லுவது? நாம் பார்க்க முடியாத நம் பாதியைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் வீட்டில் இருக்கிறார். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சரிசெய்தும் விடுகிறார் என்றால், அதற்குமேல் என்ன வேண்டும்?

செய்து பார்க்க ஒன்று சொல்லுகிறேன். அந்தியில் விளக்கேற்றி உகப்படிப்பு முடிந்ததும் எல்லோரும் எழுந்து அவரவர் வேலைக்கு ஓடிவிடுகிறோம். டிவி ஒரு பக்கம், செல்போன் ஒரு பக்கம். எழுவதற்கு முன் இரண்டு நிமிடம் இருங்கள். அன்று வெளியில் கண்ட ஒரு வேடிக்கையை ஒருவர் சொல்லட்டும், மற்றவர் கேட்கட்டும். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். கணக்கு, கடன், பிள்ளையின் மார்க் எதுவும் அந்த இரண்டு நிமிடத்தில் வேண்டாம். முதல் நாள் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அசடு வழிய இருப்பீர்கள். அதற்கே சிரிப்பு வந்துவிடும். அன்னை கேட்டாள், நாதர் சொன்னார் என்று ஏட்டில் வாசிக்கிறோமே, அந்தப் பழக்கம் நம் வீட்டு விளக்கின் முன்னும் கொஞ்சம் இருக்கட்டும்.

இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று ஏன் சொல்லுகிறேன் என்றால், எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனைவியை இழந்தவர். சாப்பாட்டுக்குக் குறையில்லை; மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். அவரிடம் ஒருநாள், அம்மாளை நினைத்தால் எது அதிகமாக மனதுக்கு வருகிறது என்று கேட்டேன். சமையலைச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு: "ரோட்டுல ஏதாவது வேடிக்கையா ஒண்ணு பாத்தா, வீட்ல போய் அவகிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே வருவேன் மக்கா. நடை ஏறும்போதுதான் ஆளு இல்லைன்னு ஓர்மை வரும். நான் ஒண்ணு சொன்னா அவ பெருசா ஒண்ணும் சிரிக்கமாட்டா. 'உங்களுக்கு வேற வேலை இல்ல'ம்பா. அது போதும் எனக்கு."

கடந்த முறை எங்கள் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்தபோது, திருக்கல்யாண நாளன்று எல்லோரையும்போல அவரும் சுருள் கொண்டுவந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் எல்லாம் முறையாக வைத்திருந்தார். தட்டின் ஓரத்தில் காகிதத்தில் மடித்த ஒரு சிறிய பொட்டலமும் இருந்தது. பணிவிடைக்காரர் அதைப் பார்த்தார். "கருப்பட்டி மிட்டாய். அவளுக்குப் பிடிக்கும்" என்றார் பெரியவர். பணிவிடைக்காரர் வேறொன்றும் கேட்காமல் அதையும் சேர்த்து எடுத்து உள்ளே வைத்தார். வாசிப்பு முடிந்து இனிமம் வழங்கும்போது அந்த மிட்டாயும் பிள்ளைகள் கைக்கு வந்தது. பெரியவர் தமக்கு ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "கடிக்க முடியல, பல்லு இல்ல. இதுக்கும் அவ சிரிச்சிருப்பா" என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அய்யா உண்டு.